நாலு கோப்பை, ஐம்பது மேட்ச்

2024-25 சீசனில் தாய்லாந்தின் புரிராம் யுனைடெட் நாலு கோப்பை ஜெயித்தது. தாய் லீக், எஃப்.ஏ. கப், லீக் கப், அப்புறம் தென்கிழக்கு ஆசிய கிளப்புகளுக்கான ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப். அதே சீசனில் ஆசியாவின் பெரிய கிளப் போட்டியான ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் எலீட்டில் காலிறுதி வரைக்கும் போனது. எங்கள் வடசென்னை வியாசர்பாடியில் ஃபுட்பால் பேசாத தெரு கிடையாது. ஆனால் பேச்செல்லாம் பார்சிலோனா, மான்செஸ்டர், பிரேசில்தான். வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஒரு நாட்டின் கிளப்பைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கிளப் பழக்கமானது ஆபீஸ் வழியாக. லிங்கி செட்டி தெருவில் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்திலிருந்து சென்னைக்கும் எண்ணூருக்கும் வருகிற கன்டெய்னர்களுக்குப் பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்குப் பத்திரத்தைச் சரிபார்ப்பது என் வேலை. அந்தப் பக்கம் பேப்பர் பார்க்கும் பெண்ணுக்குச் சொந்த ஊர் புரிராம். கன்டெய்னர் நம்பரில் ஒரு எழுத்து மாறினால் இரண்டு பேரும் மாறி மாறி மெயில் போட்டுக்கொள்வோம். அந்த மெயிலின் அடியில் ஒரு வரி இருக்கும்: நேற்று எங்கள் டீம் 3-0. நானும் சின்ன வயதில் முல்லை நகர் கிரவுண்டில் லெஃப்ட் பேக் ஆடியவள் என்று ஒரு நாள் எழுதினேன். அன்றிலிருந்து அந்த ஒரு வரி பத்து வரியாகிவிட்டது.

புரிராம் பாங்காக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, வடகிழக்கில் இசான் என்கிற பகுதியில் இருக்கிறது. நெல் விளைகிற பூமி, பணம் குறைவு. அங்கிருந்து ஆட்கள் பாங்காக்குக்குக் கட்டட வேலைக்கும் டாக்சி ஓட்டவும் போவது காலம் காலமாக நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் 2011-ல் 32,600 பேர் உட்காரும் ஸ்டேடியம் எழுந்தது. சுற்றி ஓட்டப் பாதை கிடையாது. சீட்டுகள் கிட்டத்தட்ட டச் லைன் வரைக்கும் வந்துவிடும். கார்னர் எடுக்கிற ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர் தோளைத் தட்டிவிடலாம் போலத் தெரியும். நம்ம நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப் பாதைக்கு வெளியே உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர்களுக்கு நான் சொல்வதன் ஏக்கம் புரியும். பக்கத்திலேயே கார், பைக் பந்தயப் பாதையும் கட்டினார்கள். மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தின் தாய்லாந்துச் சுற்று 2018-ல் அங்கேதான் தொடங்கியது.

கிளப்பின் சின்னத்தில் ஒரு கோயில் இருக்கிறது. பனோம் ருங். அணைந்துபோன எரிமலை ஒன்றின் மேல் கெமர் அரசர்கள் காலத்தில் கட்டிய சிவன் கோயில். பதினைந்து வாசல்கள் ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வருடத்தில் சில நாட்கள் மட்டும் சூரியன் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரைக்கும் போகும். பள்ளிகொண்ட பெருமாளைச் செதுக்கிய ஒரு வாசல் மேற்கல் அங்கிருந்து திருடு போய், அமெரிக்காவில் சிகாகோ மியூசியத்தில் இருந்தது. தாய்லாந்து மக்கள் விடாமல் கேட்டு 1988-ல் திரும்ப வாங்கினார்கள். இதை ஆயாவிடம் சொன்னதும், "சிவன் கோயில் போட்ட டீமா? அப்ப நம்ம டீம்தான், வெய்யி" என்று போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது.

ஆனால் அடுத்த கேள்வியில்தான் விஷயம் வந்தது. "ஓனரு யாரு?"

"நேவின்னு ஒருத்தர், ஆயா. அரசியல்வாதி."

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தது. 1960-களில் கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தது. பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1964-ல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, துணி மூட்டையும் ஒரு பித்தளைக் குடமுமாகக் குடும்பத்தைக் கூட்டிவந்தார். வியாசர்பாடி பி.வி. காலனியில் அப்படி வந்தவர்கள் நிறைய. பீச் ஸ்டேஷன் எதிரில் இன்றைக்கு எல்லோரும் வரிசையில் நின்று சாப்பிடுகிற அத்தோ, பேஜோ எல்லாம் அந்தக் கப்பல்களில் வந்ததுதான். எங்கள் வீட்டில் நே வின் என்ற பெயரைச் சாதாரணமாக யாரும் உச்சரிக்க மாட்டார்கள்.

புரிராம் ஓனர் நேவின் சிட்சோப்புக்கு அவருடைய அப்பா வைத்த பெயர் அந்த ஜெனரலின் பெயரேதான். 1958-ல் பிறந்தவர். இதை ஆயாவிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது: "அவன் பேர வெச்சிக்கினு இந்த ஆளு ஊருக்கு இன்னா பண்ணான்?" ஸ்டேடியம் கட்டினார், டீம் கொண்டுவந்தார், மேட்ச் நாளில் ஊரே கடை போட்டுப் பிழைக்கிறது என்றேன். "செரி, போடு பாக்கலாம்" என்றது. அதற்குப் பிறகு புரிராம் ஆடும் நாட்களில் ஆயாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். டீம் ஜெயித்தாலும் ஓனரைக் காட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை மாற்ற நான் முயற்சி செய்ததில்லை. ஆயாவுக்கு அந்த உரிமை உண்டு.

ஓனரைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் அவருடைய கட்சியைக் கலைத்து, நிர்வாகிகளை ஐந்து வருடம் அரசியலிலிருந்து தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில்தான் ஃபுட்பால் பக்கம் வந்தார். புரிராம் யுனைடெட்டும் அந்த ஊர் மண்ணில் முளைத்த கிளப் கிடையாது. 1970-ல் தொடங்கிய மின்வாரிய அணி அது. 2008-ல் தாய் லீக் சாம்பியன் ஆனது. அயுத்தயாவில் ஆடிக்கொண்டிருந்த அந்த அணியை வாங்கி, 2010 சீசனுக்குப் புரிராமுக்குக் கொண்டுபோனார்கள். அயுத்தயாவில் அந்த டீமுக்காகக் கத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் டீம் இல்லாமல் போயிற்று. அது சரியான காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். பணத்தில் மற்ற கிளப்புகள் புரிராமை எட்டிப் பிடிக்க முடிவதில்லை என்பதும் உண்மை. 2021-22-லிருந்து தொடர்ந்து நாலு வருடம் லீக் இவர்களுக்குத்தான்.

இத்தனையும் தெரிந்தும் எனக்கு இந்த சீசன் பெரிதாகப் படுவதற்குக் காரணம் கோப்பை எண்ணிக்கை இல்லை. மேட்ச் எண்ணிக்கை.

தாய் லீகில் 16 அணி, அதனால் 30 மேட்ச். சாம்பியன்ஸ் லீக் எலீட்டில் முதல் சுற்று 8, அடுத்த சுற்று 2, காலிறுதி 1. ஆசியான் போட்டியில் குரூப் 5, அரையிறுதி 2, ஃபைனல் 2. கூட்டினால் 50. எஃப்.ஏ. கப்பும் லீக் கப்பும் இதற்கு மேலே. பதினோரு பேரை வைத்துக்கொண்டு இதை ஆட முடியாது. அந்த சீசனில் கோச்சாக இருந்த ஒஸ்மார் லோஸ் பிரேசில்காரர். ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் டீமையே பாதி மாற்றிப் போடுவார். கோல் அடிக்க கில்ஹெர்மே பிசோலி, சுபசாய். பின்னாலிருந்து ஆட்டத்தை நடத்த தீரதோன் புன்மதான். கோலி நீல் எத்தரிட்ஜ், பிலிப்பைன்ஸ்காரர். சாம்பியன்ஸ் லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இருந்த வரம்பை அந்த சீசனிலிருந்துதான் எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த மேட்சுகளில் வெளிநாட்டு ஆட்கள் நிறைய இறங்குவார்கள். உள்ளூர் மேட்சுகளில் தாய்லாந்துப் பையன்களுக்கு வாய்ப்பு வரும்.

தீரதோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரும் லெஃப்ட் பேக். 2019-ல் யோகோஹாமா எஃப். மரினோஸ் ஜப்பான் லீக் ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். ஜப்பான் லீக் ஜெயித்த முதல் தாய்லாந்துக்காரர். இந்த சீசனில் அவருக்கு 35 வயது ஆனது. அந்த வயதில் ஓட்டம் குறையும். அவர் அதற்கேற்ற மாதிரி ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி ஒரு முறை பார்த்துவிடுவார். வந்ததும் ஒரே தொடலில் இடது காலால் தூரமாகக் கொடுப்பார். எங்கள் பெண்களுக்கு இதைப் போனில் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறேன். "பந்தைப் பார்க்காதே, பந்து வருவதற்கு முன்னால் எங்கே பார்க்கிறார் என்று பார்." ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், அதைத்தான் சொல்கிறேன். ஆறாவது படிப்பவளிலிருந்து காலேஜ் போகிறவள் வரை வருகிறார்கள்.

சரி, ஆசியப் பயணத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் ஜப்பான் சாம்பியன் விஸ்ஸல் கோபே புரிராமுக்கு வந்தது. 0-0. அடுத்து ஆஸ்திரேலியாவில் கோஸ்ஃபோர்டு வரைக்கும் பறந்துபோய் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸை 2-1 என்று ஜெயித்தார்கள். அப்புறம் வந்தது யோகோஹாமா. 5-0. தீரதோன் கோப்பை தூக்கிய அதே யோகோஹாமாவிடம் அஞ்சு கோல். மறுநாள் ஆபீஸ் மெயிலில் கன்டெய்னர் நம்பர் மட்டும்தான் இருந்தது, அடியில் ஒரு வரிகூட இல்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. அந்த 5-0 ஒரு நாக் அவுட் மேட்சாக இருந்திருந்தால் புரிராமின் ஆசிய சீசன் அன்றைக்கே முடிந்திருக்கும். லீக் முறை என்பதால் அடுத்த மேட்ச் இருந்தது. அதற்கடுத்த மேட்சும் இருந்தது. பிப்ரவரியில் கொரியாவின் சாம்பியன் உல்சானை 2-1 என்று வீழ்த்தினார்கள். மொத்தம் 12 பாயின்ட். அடித்ததைவிட வாங்கிய கோல் அதிகம். அப்படியும் கிழக்கு ஆசியப் பிரிவில் ஆறாவது இடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். உல்சானால் போக முடியவில்லை. அடுத்த சுற்றில் மலேசியாவின் ஜோஹோர் தாருல் தக்ஸிம். அதுவும் ஒரு அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்த கிளப், சொந்த கிரவுண்டில் அசைக்க முடியாத அணி. முதல் மேட்ச் புரிராமில் 0-0. இரண்டாவதில் ஜோஹோரின் கிரவுண்டிலேயே போய் 1-0. புரிராம் ஆசியக் காலிறுதிக்கு வந்தது 2013-க்குப் பிறகு இதுதான் முதல் முறை.

காலிறுதி முதல் ஃபைனல் வரைக்கும் எல்லா மேட்சும் சவுதியில் ஜெட்டாவில் என்று வைத்துவிட்டார்கள். எதிரில் அல் அஹ்லி. அதன் சொந்த ஊரே ஜெட்டாதான். மஹ்ரேஸ், ஃபிர்மினோ மாதிரி ஐரோப்பாவில் கோப்பை தூக்கியவர்கள் எதிர் அணியில். 3-0 என்று தோற்றார்கள். அல் அஹ்லிதான் கடைசியில் கோப்பையும் ஜெயித்தது. நல்ல டீம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு அணிக்கு மட்டும் காலிறுதி, அரையிறுதி, ஃபைனல் மூன்றும் வீட்டு வாசலில் நடப்பது நியாயமே கிடையாது. ஒரு மேட்சாவது புரிராமின் அந்த 32,600 பேர் முன்னால் நடந்திருக்க வேண்டும். ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை. அந்த ஜனங்களுக்கு அந்த மேட்ச் சேர வேண்டியது.

மே மாதம் ஆசியான் ஃபைனல். எதிரில் வியட்நாமின் கோங் ஆன் ஹனோய், போலீஸ் கிளப். முதல் மேட்ச் ஹனோயில் 2-2. இரண்டாவது மே 21-ம் தேதி புரிராமில்.

அன்றைக்கு சாயங்காலம் பிராக்டிஸ் வைத்திருந்தோம். முடித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கிரவுண்டு ஓரத்தில் தண்ணீர் கேன் மேல் போனைச் சாய்த்து வைத்து, சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். கொசு பிடுங்குகிறது. ஒருத்தியின் அம்மா வந்து கத்திவிட்டு, அவரும் உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ட்ரா டைமும் முடிந்து 3-3. மொத்தம் 5-5. டைபிரேக்கர்.

எங்கள் கோலி ஒன்பதாவது படிக்கிற பெண். அவள் மட்டும் பந்து அடிக்கிறவனைப் பார்க்கவே இல்லை, கோலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, முன்னாடியே எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்றாங்க போல. கால் மொதல்ல அசையுது, கை அப்புறம்தான்." டிவி கமென்டரியில் யாரும் இதைச் சொல்லவில்லை. 3-2 என்று புரிராம் ஜெயித்ததும் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். இன்னொரு முறை போடுங்கள் என்றாள். போனில் சார்ஜ் நாலு பர்சென்ட்தான் இருந்தது. இருந்தாலும் போட்டேன்.

நம் பெண்களுக்கு, ஏன், நம் பையன்களுக்கும், கிடைக்காதது இந்த ஐம்பது மேட்ச்தான். வடசென்னையில் டோர்னமென்ட்டுக்குக் குறைவே இல்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, திருவொற்றியூர், எங்கே போனாலும் ஃபைவ்ஸ், செவன்ஸ் என்று பேனர் கட்டியிருக்கும். ஆனால் முக்கால்வாசி நாக் அவுட். பசங்க மாதக்கணக்கில் பிராக்டிஸ் பண்ணி, என்ட்ரி ஃபீஸ் கட்டி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், இருபது நிமிடம் ஆடி ஒரு கோலில் தோற்றுத் திரும்பி வருவார்கள். அந்தத் தோல்வியில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று காட்ட அடுத்த மேட்ச் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணுக்கோ அன்றைக்கு ஷூ லேஸ் கட்டி அவிழ்த்ததுதான் மிச்சம்.

இது தெருவோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2024-25-ல் நம் நாட்டின் பெரிய லீகான ஐ.எஸ்.எல்.-லில் 13 அணி, ஒவ்வொன்றுக்கும் லீகில் 24 மேட்ச். பிளே ஆஃப் போகாத அணிக்கு அதோடு லீக் முடிந்தது. 2025 ஜூலையில், ஒப்பந்தப் பிரச்சினையில், அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள். புரிராம் ஆட்கள் அடுத்த சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது நம் ஆட்டக்காரர்கள் லீக் நடக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூன் 4-ம் தேதி இந்தியா தாய்லாந்தில் போய் 2-0 என்று தோற்றது. அந்த மேட்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்து தாய்லாந்துக்காரர்கள் காலில் எவ்வளவு அமைதியாக நின்றது என்று. அது ஒரு வாரப் பயிற்சி முகாமில் வருகிற அமைதி கிடையாது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது. நைனா ஐ.சி.எஃப்.-பில் வெல்டராக இருந்தார். பேப்பரில் ஸ்போர்ட்ஸ் பக்கத்தைச் சத்தம் போட்டுப் படிப்பார். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பை ஜெயித்தது. ஃபைனலில் தோற்கடித்தது யாரை? தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவை, 3-1. அதே டெரோ சாசனா அந்த வருடம்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்கும் வந்திருந்தது; அக்டோபரில் நடந்த அந்த ஃபைனலில் அல் ஐனிடம் மொத்தம் 2-1 என்று தோற்றது. ஆசிய ஃபைனலுக்கு வந்த அணியை ஒரு கொல்கத்தா கிளப் மூன்று கோல் அடித்து ஜெயித்தது என்று நைனா அந்தச் செய்தியைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினார். தாய்லாந்துக்கும் அதற்கு முன்னாலேயே பெருமை உண்டு. தாய் ஃபார்மர்ஸ் பேங்க் அணி 1994, 1995 இரண்டு வருடமும் ஆசிய கிளப் சாம்பியன். வங்கி நடத்திய அணி அது. 1997-ல் தாய்லாந்தின் பொருளாதாரம் சரிந்தது, சில வருடங்களில் அந்த அணியையே கலைத்துவிட்டார்கள். அங்கேயும் எல்லாம் ஏறுமுகமாகவே இருந்துவிடவில்லை.

2019-கூட ரொம்ப தூரம் இல்லை. ஜனவரியில் ஆசிய கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. சுனில் சேத்ரி இரண்டு, அனிருத் தாபா ஒன்று, ஜெஜே ஒன்று. தாபாவும் ஜெஜேவும் அப்போது நம்ம சென்னையின் எஃப்.சி. ஆட்கள். அந்தத் தோல்வியோடு தாய்லாந்து அவர்கள் கோச்சையே மாற்றிவிட்டது. அதே வருடம் ஜூனில் கிங்ஸ் கப். நடந்தது எங்கே தெரியுமா? புரிராமில், இதே ஸ்டேடியத்தில். மூன்றாவது இடத்துக்கான மேட்சில் இந்தியா தாய்லாந்தை 1-0 என்று ஜெயித்தது. கோல் அனிருத் தாபா. ஆபீஸ் மெயில் தோழிக்கு நான் இதை ஞாபகப்படுத்தினேன். அந்த மேட்சை நேரில் பார்த்ததாகவும், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுடைய தம்பி அழுததாகவும் எழுதியிருந்தாள். நம் சென்னைக் கிளப் ஆட்டக்காரர் அடித்த கோலுக்கு அந்த ஊரில் ஒரு பையன் அழுதிருக்கிறான். அந்த நாளுக்கும் 2025 ஜூனுக்கும் நடுவில் வெறும் ஆறு வருடம்தான்.

அந்த ஆறு வருடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஆடினார்கள். சுபநாத் முவாந்தா என்ற பையனைப் புரிராம் 2018-லேயே, 15 வயதில், லீகில் இறக்கியிருந்தது. அந்த வயதிலேயே கோல் அடித்தான். பெல்ஜியம் லீக் வரைக்கும் போனான். அவன் அபூர்வத் திறமை, சரி. ஆனால் வியாசர்பாடியில் 15 வயதில் அப்படி ஆடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தன்பால் கணேஷ் இந்தத் தெருக்களிலிருந்துதான் இந்திய அணி வரை போனார். அவருக்கு முன்னும் பின்னும் போக வேண்டியவர்கள் இப்போது ஸ்விக்கி ஓட்டுகிறார்கள், ஹார்பரில் லோடு ஏற்றுகிறார்கள். வேலையில் கேவலம் எதுவும் இல்லை. 15-லிருந்து 19 வயது வரைக்கும் வாரத்துக்கு ஒரு நல்ல மேட்ச் கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் நாங்கள் ஒன்று ஆரம்பிக்கிறோம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, எர்ணாவூர், நாலு இடத்துப் பெண்கள் டீம். ஒவ்வொரு டீமும் மற்ற மூன்று டீமோடு இரண்டு முறை ஆட வேண்டும், ஒன்று இங்கே, ஒன்று அவர்கள் இடத்தில். ஆளுக்கு ஆறு மேட்ச். ஐம்பது எங்கே, ஆறு எங்கே என்று கேட்கலாம். இன்றைக்கு எங்கள் கைக்கு எட்டுவது ஆறு. ஒரு விதி மட்டும் கறாராக வைத்திருக்கிறோம்: பெஞ்சில் இருக்கிற எல்லோரும் ஒவ்வொரு மேட்சிலும் பாதி நேரமாவது ஆடியே ஆக வேண்டும். தோற்றாலும் சரி. காசிமேடு கோச் அண்ணா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லா ஆட்றவள ஏம்மா உக்கார வெக்கணும்?" என்றார். புரிராம் கதையை முழுக்கச் சொன்னேன். யோகோஹாமா 5-0 வரும்போது சிரித்தார், ஜோஹோர் வரும்போது சரி என்று சொல்லிவிட்டார்.

முதல் மேட்சே காசிமேட்டோடுதான். போன டோர்னமென்ட்டில் எங்களை 4-0 என்று அடித்து வீட்டுக்கு அனுப்பியவர்கள். எங்கள் கோலி டைபிரேக்கர் பார்த்த நாளிலிருந்து காலை முன்கூட்டியே அசைக்காமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். பந்தும் வலையும் தயார். ரெஃப்ரிதான் இல்லை. ஆஃப்சைடு ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்து, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு விசிலோடு வந்துவிடுங்கள். டீயும் பட்டர் பன்னும் எங்கள் பொறுப்பு.